கரண்டு வைத்த தலைக்குள் என்ன நடக்கிறது?

(பெரம்பலூர், அரியலூர் வட்டார ஆதரவாளர்கள் கூட்டத்தில் நமது ஆஸ்பத்திரி சாப்ளின் ஐயா அவர்கள் ஆற்றிய உரை)

பெரம்பலூர், அரியலூர் சபைகளிலிருந்தும், ஜெயங்கொண்டம், செந்துறை, வேப்பந்தட்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சாப்ளின் பேசுகிறார் என்றால் ஒரு வேத பாடம், ஒரு ஜெபம், பிறகு காபி என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த முறை கமிட்டியார் எனக்கு வேறு விஷயம் கொடுத்துவிட்டார்கள். புற்றுநோய்க்காகத் தலையில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களின் மூளையை ஸ்கேன் மூலமாகப் பார்த்து, அந்தச் சிகிச்சை மூளைக்கு என்ன செய்கிறது என்று டாக்டர்கள் எப்படி அறிந்துகொள்கிறார்கள்? அதனால் நம்முடைய ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்? இதைச் சொல்ல வேண்டும்.

டாக்டர்கள் இருக்க என்னை ஏன் கேட்டார்கள் என்றால் காரணம் இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போது வரும் கேள்விகள் டாக்டரிடம் போகின்றன. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய் நாலைந்து மாதம் ஆன பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் என்னிடம் வருகின்றன. "ஐயா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" "ஐயா, ஜெபிக்க உட்கார்ந்தால் யாருக்காக ஜெபிக்க வந்தேன் என்பதே தெரியவில்லை. ஆண்டவர் என்னைத் தள்ளிவிட்டாரா?" இப்படிப்பட்ட கேள்விகள். இதற்கு வேத வசனம் மட்டும் சொல்லி அனுப்பினால் அது பாதி பதில்தான். மீதிப் பாதி மூளைக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் இந்தச் சிகிச்சையைக் 'கரண்டு வைக்கிறது' என்கிறோம். "அம்மாவுக்கு முப்பது கரண்டு சொல்லியிருக்கிறார்கள்" என்று வந்து நிற்பார்கள். இந்த வார்த்தை எத்தனையோ பேரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் செய்திருக்கிறது. கரண்டு என்றதும் ஷாக் அடிக்கும், பைத்தியத்துக்கு வைக்கிற கரண்டு போலிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது வருகிற அதே வகைக் கதிர், அதைவிடப் பல மடங்கு வலிமையாக, கட்டி இருக்கிற இடத்தைக் குறி வைத்து அனுப்பப்படுகிறது. வலி தெரியாது. ஒவ்வொரு நாளும் சில நிமிஷங்கள்தான். தலைக்கு என்றால், வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் படியவைத்து முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் இருக்க அது வேண்டும். பலருக்குச் சிகிச்சையைவிட அந்த முகமூடிதான் பயம். கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த கீர்த்தனை ஒன்றை மனதுக்குள் பாடுங்கள், மூன்றாவது சரணத்துக்குள் முடிந்துவிடும் என்று நான் சொல்வதுண்டு.

நம்முடைய தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ம் ஆண்டில் அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள். 1957-ம் ஆண்டில் அங்கே கோபால்ட் இயந்திரம் வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, நம் தேசத்திலேயே முதலாவதாக, நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அங்குள்ள புற்றுநோய்க் கதிரியக்க மையம், ஸ்தாபகரான ஐடா ஸ்கடர் அம்மையாரின் சகோதரர் மகளான டாக்டர் ஐடா பி. ஸ்கடரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆகவே தலைக்குள் கட்டி என்றால் கைவிரித்துவிடுகிற நிலைமை நம்மிடத்தில் வெகு காலத்துக்கு முன்பே மாறிவிட்டது.

ஆனால் கதிர் கட்டியை மட்டும் தொடுவதில்லை. கட்டியைச் சுற்றி நல்ல மூளையும் இருக்கிறதே. அதற்கு என்ன ஆகிறது என்பதை டாக்டர்கள் மூன்று காலமாகப் பிரித்துச் சொல்கிறார்கள். சிகிச்சை நடக்கிற நாட்களில் தலைவலி, குமட்டல், களைப்பு வரலாம். அது வீக்கத்தினால் வருவது, மாத்திரைக்குக் கட்டுப்படும். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலிருந்து ஆறு மாதம் வரை ஒரு தூக்கக் கலக்கமும் மந்தமும் வரலாம். பகலெல்லாம் தூங்குவார்கள், வீட்டார் பயந்துபோவார்கள், பெரும்பாலும் தானே சரியாகும். மூன்றாவதாக, ஆறு மாதத்துக்குப் பிறகு, சில சமயம் வருஷங்கள் கழித்து வருகிற மாற்றம். மறதி, யோசனை மெதுவாகிப்போவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்ய முடியாமல் போவது. இது எல்லாருக்கும் வருவதில்லை, வருகிறவர்களுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. வந்தால் முழுவதும் மாறுவது கடினம். இந்த மூன்றாவதைத்தான் நம் சபைகளில் விசுவாசக் குறைவு என்றும் சோம்பல் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

நான் அறிந்த ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை இருந்தார். மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவி, தலை முழுவதும் கதிர் வைத்தார்கள். பிழைத்து வந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் படித்த வசனமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இந்த வாரம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய புதிய மனப்பாட வசனம் மட்டும் நிற்காது. காலையில் படித்தால் மாலையில் போய்விடும். உபவாசம் இருந்து ஜெபித்தால் வரும் என்று ஒருவர் ஆலோசனை சொல்ல, அந்த அம்மாள், சர்க்கரை வியாதி வேறு உள்ளவர், உபவாசம் இருந்து மயங்கி விழுந்தார். அவருடைய எம்.ஆர்.ஐ. படத்தை டாக்டர் வெளிச்சப் பலகையில் மாட்டி எனக்குக் காட்டினார். மூளையின் நடுப்பகுதியைச் சுற்றி, வெடித்த பருத்திக்காயிலிருந்து பஞ்சு பிதுங்கி நிற்பதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைதான், சிறிய இரத்தக் குழாய்களும் நரம்பு இழைகளின் மேலுறையும் கதிரினால் பழுதுபட்ட இடம். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள் அல்லவா? அந்தக் கேள்வி இன்னும் நம்முடைய வாயில் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் படத்தை மூப்பர்கள் எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இங்கே ஒரு சிறு விஷயம். வேதாகமத்தின் எபிரெயப் பகுதியில், மூளையை நினைவின் இருப்பிடமாக எங்குமே சொல்லவில்லை. நினைப்பது, யோசிப்பது, தீர்மானிப்பது எல்லாம் இருதயத்தில் நடக்கிறது. இன்னும் ஆழமானவை சிறுநீரகத்தில். நம் தமிழ் வேதாகமத்தில் உள்ளிந்திரியங்கள் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். வேதாகமக் கல்லூரியில் இதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. மூளை என்பது வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே சொல்லாத ஒரு உறுப்பு. இருதயம் அடிப்பது தெரிகிறது, வயிறு கலங்குவது தெரிகிறது, மூளை வேலை செய்வது யாருக்கும் தெரியாது. அது எலும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உயிரோடிருக்கிற மனிதனின் மூளையில் கதிர் என்ன செய்தது என்பதை, பெட்டியைத் திறக்காமல் பார்க்க 1970-கள் வரைக்கும் வழி இல்லை.

அந்த வழி பிறந்த கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்தில் ஆலன் கார்மாக் என்ற பௌதிக விரிவுரையாளர் இருந்தார். 1956-ம் ஆண்டில் அங்குள்ள குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் பௌதிக நிபுணர் இல்லாமல் போகவே, வாரத்தில் ஒன்றரை நாள் வந்து கதிரியக்கப் பொருட்களை மேற்பார்வை பார்க்கும்படி இவரைக் கேட்டுக்கொண்டார்கள். வந்த இடத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கதிரின் அளவைக் கணக்குப் போடுவதைப் பார்த்தார். எலும்பு, சதை, காற்று எல்லாவற்றையும் ஒரே பொருள் போல வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே எந்த இடத்தில் எது இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா சரியான அளவு கொடுக்க முடியும் என்று இவருக்குத் தோன்றியது. பல கோணங்களிலிருந்து கதிரை அனுப்பி, வெளியே வருவதை அளந்து, உள்ளே இருப்பதைக் கணக்கால் வரையலாம் என்று கண்டுபிடித்து, 1963-ம் ஆண்டிலும் 1964-ம் ஆண்டிலும் எழுதி வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் தனியாக இதே யோசனையில் இயந்திரமே செய்துவிட்டார். 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி, லண்டனில், மூளையில் கட்டி இருப்பதாகச் சந்தேகப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. இருவருக்கும் 1979-ம் ஆண்டில் நோபல் பரிசு. இருவருமே ஆராய்ச்சிப் பட்டம் வாங்காதவர்கள், பிள்ளைகளை மார்க்குக்காக அடிக்கிற பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். நான் சொல்லவந்தது என்னவென்றால், ஸ்கேன் என்பது கதிரியக்கச் சிகிச்சைக்குப் பிறகு வந்து சேர்ந்த ஆடம்பரம் இல்லை. கதிரைச் சரியாக வைக்க வேண்டும் என்ற கவலையிலிருந்தே ஸ்கேன் கணக்கின் ஒரு வேர் பிறந்திருக்கிறது.

நம் அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மண்ணை வெட்டின சுவரைப் பார்த்திருப்பீர்கள், அடுக்கு அடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கிலும் அந்தக் காலத்துக் கடலின் சிப்பியும் நத்தையும் கல்லாகி இருக்கும். ஸ்கேனும் தலையை அப்படி அடுக்கு அடுக்காகக் காட்டுகிறது, வெட்டாமலே. சி.டி. ஸ்கேனில் எலும்பும் இரத்தக்கசிவும் நன்றாகத் தெரியும், மூளையின் மென்மையான பகுதிகள் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. பிறகு வந்த எம்.ஆர்.ஐ. காந்தத்தைக் கொண்டு வேலை செய்கிறது. அதில் கதிர் கிடையாது. உடம்பிலுள்ள தண்ணீரைத்தான் அது படமாக்குகிறது. பெத்சாயிதாவில் குருடன் ஒருவன் முதல் தொடுதலில் மனுஷரை மரங்களைப்போலக் கண்டு, இரண்டாம் தொடுதலில் தெளிவாகக் கண்டான். எம்.ஆர்.ஐ. வந்தபோது டாக்டர்களுக்கு அந்த இரண்டாம் தொடுதல் போல இருந்திருக்கும்.

அதிலும் ஒரு புதிய முறை இருக்கிறது, மூளையின் நரம்புக் கற்றைகளுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளப்பது. நீங்கள் வெங்காய வயலுக்குத் தண்ணீர் கட்டியவர்கள். வரப்பு நன்றாக இருந்தால் தண்ணீர் வாய்க்காலோடு ஓடும். வரப்பு அரித்துப்போனால் நாலு பக்கமும் பரவும். நல்ல நரம்பு இழையில் தண்ணீர் இழையின் நீளத்தோடு நகர்கிறது. கதிர் பட்டு மேலுறை கெட்ட இடத்தில் பக்கவாட்டிலும் கசிகிறது. சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும்போதே இந்த அளவு மாறத் தொடங்கிவிடும் என்று கண்டிருக்கிறார்கள். கதிர் அதிகமாகப் பட்ட இடத்தில் மாற்றமும் அதிகம். ஆகவே எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் தாங்கும் என்று, நோயாளி மறதியில் விழுவதற்கு முன்பே, அறிய ஒரு வழி கிடைத்திருக்கிறது.

இப்போது அந்த ஞாயிறு பள்ளி ஆசிரியைக்குப் பழைய வசனம் நின்று புதிய வசனம் நிற்காததற்கு வருகிறேன். மூளையின் இரண்டு பக்கத்திலும், காதுக்கு உட்புறமாக, சுண்டுவிரல் அளவில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. கிரேக்கத்தில் கடல் குதிரை என்று அர்த்தம், வடிவம் அப்படி. புதிய நினைவுகளைப் பதிவுசெய்கிற குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். 1953-ம் ஆண்டில் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக ஒரு வாலிபருக்கு இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். சிறு வயது ஞாபகங்கள் இருந்தன, ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த ஒருவரையும் அவரால் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. தலை முழுவதும் கதிர் வைக்கும்போது இந்தக் குமாஸ்தாவும் அடி வாங்குகிறார்.

அப்படியானால் அவரை மட்டும் விட்டுவிட்டு வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் விட்ட இடத்தில் புற்றுநோய் ஒளிந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு ஸ்கேன் படங்கள்தான் பதில் சொல்லின. மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களின் படங்களை எடுத்து வைத்து, கட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கடல் குதிரைக்குள் கட்டி இருப்பது மிக அபூர்வம் என்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில், எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தப் பகுதியை மில்லிமீட்டர் கணக்கில் வரைந்து, கதிர் அதை வளைத்துக்கொண்டு போகும்படி திட்டம் போட்டார்கள். அமெரிக்காவில் 2014-ம் ஆண்டில் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்த நாலாவது மாதத்தில் ஞாபகச் சோதனை மதிப்பெண் சராசரி 7 சதவீதம் குறைந்திருந்தது. பழைய முறையில் 30 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு 518 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, இரண்டு பிரிவுக்கும் மறதிக்கான மெமான்டின் மாத்திரையும் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2020-ம் ஆண்டில் வெளியானது. அதில் புத்தித் திறன் குறையும் அபாயம், ஹிப்போகாம்பஸைக் காப்பாற்றிய பிரிவில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. உயிரோடிருக்கும் காலத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. கடல் குதிரையை விட்டுவைத்ததால் யாருடைய ஆயுளும் குறையவில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் தேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். சிறுவர்களைப் பற்றிய மிக முக்கியமான ஆய்வு ஒன்று நம் இந்தியாவில், மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியில் நடந்தது. டாக்டர் ராகேஷ் ஜலாலியும் அவருடைய குழுவினரும் 2001-ம் ஆண்டு முதல் 2012-ம் ஆண்டு வரை, மெதுவாக வளரும் மூளைக்கட்டி உள்ள 200 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். வயது மூன்று முதல் இருபத்தைந்து வரை. எல்லாருக்கும் ஒரே அளவு கதிர், 54 கிரே, முப்பது நாட்களாகப் பிரித்து. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான முறை. மறு பாதிப் பேருக்கு, ஸ்கேன் படங்களை வைத்துக் கட்டியின் வடிவத்தோடு ஒட்டி, சுற்றிலும் குறைந்த ஓரம் விட்டுக் குறி வைக்கிற நுட்ப முறை. பிறகு ஐந்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, புத்தித் திறன் சோதனையும் ஹார்மோன் சோதனையும் செய்தார்கள். 2017-ம் ஆண்டில் முடிவு வெளியானது. நுட்ப முறையில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் புத்தித் திறன் நன்றாகக் காக்கப்பட்டிருந்தது. புதிதாக ஹார்மோன் குறைபாடு வந்தவர்கள் அந்தப் பிரிவில் 31 சதவீதம், வழக்கமான முறையில் 51 சதவீதம். உயிர் பிழைப்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதே குழுவினர் 2010-ம் ஆண்டில் 28 பிள்ளைகளை வைத்து வெளியிட்ட இன்னொரு விவரம் என் மனதில் தங்கிவிட்டது. இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கிற மூளைப்பகுதியில் 13 சதவீதத்துக்கு மேல் 43.2 கிரேக்கு அதிகமான கதிர் பட்ட பிள்ளைகளுக்குத்தான் புத்தித் திறன் தெளிவாக இறங்கியிருந்தது. இப்படி ஒரு எண் கிடைத்தால், அடுத்த பிள்ளைக்குத் திட்டம் போடுகிற டாக்டர் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் பார்த்து அளவைக் குறைக்க முயற்சி செய்யலாம். ஆறு வயதில் கட்டி வந்து பிழைத்த பிள்ளைக்கு இன்னும் பள்ளிக்கூடம் இருக்கிறது, வேலை இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது. ஐம்பது அறுபது வருஷம் அந்த மூளையோடு வாழ வேண்டும். சென்னையில் 2019-ம் ஆண்டில் புரோட்டான் கதிர்ச் சிகிச்சை மையமும் வந்திருக்கிறது. அது கட்டியைத் தாண்டி அப்பால் போகாமல் நின்றுவிடுகிற கதிர். செலவு நம் ஜனங்களுக்கு எட்டாத உயரம் என்பதால் அதைப் பற்றி நீட்டிப் பேசவில்லை.

ஸ்கேன் எப்போதும் தெளிவாகப் பேசும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இதைச் சொல்லாமல் போனால் உங்களுக்குப் பாதி உண்மை சொன்னவனாவேன். கதிர் முடிந்து மூன்று மாதத்தில் எடுக்கிற படத்தில் சில சமயம் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். உண்மையில் கட்டி வளர்ந்திருக்கலாம், அல்லது கதிர் பட்ட இடம் வீங்கியிருக்கலாம். இரண்டும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வருஷம் கழித்து, கதிரினால் செத்துப்போன திசு கூடக் கட்டி போலவே தோன்றும். இரத்த ஓட்டத்தை அளக்கிற எம்.ஆர்.ஐ., இரசாயனத்தை அளக்கிற எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் என்று பல முறைகளைக் கொண்டு பிரித்துப் பார்க்கிறார்கள். அப்போதும் சந்தேகம் தீராமல், சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டி வருவதுண்டு.

அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சகோதரருக்கு இப்படித்தான் ஆனது. மூளைக்கட்டிக்கு ஆப்பரேஷன் ஆகி, ஆறு வாரம் கதிரும் வைத்தார். மூன்றாம் மாதப் படத்தில் நிழல் பெரிதாகத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரியை வெளியில் யாரோ வாசித்துச் சொல்ல, வியாதி திரும்பிவிட்டது, இனி செலவு செய்து பயனில்லை என்று வீட்டார் முடிவுக்கு வந்துவிட்டார்கள். மாத்திரையையும் நிறுத்தத் தயாரானார்கள். பழைய படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வரும்படி கெஞ்ச வேண்டியிருந்தது. டாக்டர் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, "வீக்கமாக இருக்கலாம், மாத்திரையைத் தொடருங்கள், இரண்டு மாதம் பார்க்கலாம்" என்றார். இரண்டு மாதம் கழித்து நிழல் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றரை வருஷம் கிடைத்தது. மகள் கல்யாணத்தில் மணவறைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் பெயரை மட்டும் மூன்று தடவை கேட்டார், அவரும் மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போன கூட்டத்தில் ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "ஒன்றரை வருஷத்துக்காக இத்தனை ஸ்கேன் வேண்டுமா ஐயா? அந்தப் பணத்தில் பத்துப் பிரசவம் பார்க்கலாமே." நல்ல கேள்வி. காணிக்கை கொடுக்கிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. நான் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஸ்கேன் சிகிச்சையைக் கூட்டுவதற்கு மட்டும் பயன்படுவதில்லை, நிறுத்துவதற்கும் பயன்படுகிறது. நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவி, ஆப்பரேஷனுக்கும் குறி வைத்த கதிருக்கும் வழியில்லாத நோயாளிகள் 538 பேரை வைத்து இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஆய்வு செய்து 2016-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். தலை முழுவதும் கதிர் வைத்தவர்களுக்கும், மாத்திரையும் நல்ல பராமரிப்பும் மட்டும் பெற்றவர்களுக்கும், ஆயுளிலோ அந்த நாட்களின் தரத்திலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அப்படிப்பட்டவரைத் தினமும் பஸ்ஸில் வைத்துத் திருச்சிக்கு அலைக்கழிக்காமல் வீட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லது என்று சொல்ல டாக்டருக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது, தேவையில்லாத ஸ்கேன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. முடிவு எதையும் மாற்றாத படத்தை மன நிம்மதிக்காக எடுப்பதை நானும் ஆதரிப்பதில்லை. "இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்ன மாற்றம் செய்வீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லா மறதிக்கும் கதிர்தான் காரணம் என்று முத்திரை குத்திவிடவும் வேண்டாம். படத்தில் வெள்ளையாக இருந்தும் கணக்கு வழக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தும் சாவியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரை, இரத்த சோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவையெல்லாம் மறதியைக் கொண்டுவரும், இவற்றுக்கு மருந்தும் உண்டு. தலையில் கதிர் எடுத்தவருக்கு ஹார்மோன் சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம், அதை இரத்தச் சோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். சோம்பேறி என்று பெயர் வாங்கிய ஒருவர் தைராய்டு மாத்திரையில் எழுந்து நடமாடியதை நான் கண்டிருக்கிறேன்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் உங்கள் சபையில் இருந்தால் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். முப்பது நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம். வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போடுகிற சமயம் என்று நடுவில் ஒரு வாரம் நின்றுவிடுகிறார்கள். நடுவில் நிறுத்தினால் கட்டிக்கு இளைப்பாறுதல் கொடுத்ததுபோல ஆகும். அந்த வாரத்து வேலைக்குச் சபை வாலிபர்கள் கை கொடுக்கலாம். பெரம்பலூரில் ரயில் கிடையாது, தினமும் போக வர நூற்றிருபது கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்க முடியாதவர்களுக்குத் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ தங்க ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். சிகிச்சை முடிந்து வந்தவர் மறந்தால், "முன்னமே சொன்னேனே" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், இன்னொரு தடவை சொல்லுங்கள். சட்டைப்பையில் சிறிய நோட்டு, சுவரில் பெரிய காலண்டர், மாத்திரைக்குக் கிழமை எழுதிய டப்பா. அந்த ஆசிரியை இப்போது ஞாயிறு பள்ளியில் புதிய வசனம் கற்பிப்பதில்லை, பழைய பாட்டுகள் கற்பிக்கிறார். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

கடைசியாக, எடுத்த படங்களைப் பத்திரமாக வையுங்கள். டாக்டர் புதிய படத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, பழையதைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறார். எது புதிது, எது முன்பே இருந்தது என்று அப்போதுதான் தெரியும். நம் வீடுகளில் ஸ்கேன் பிலிமை ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்டுகிறோம், கிரகணம் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம், கூரை ஒழுகுகிற இடத்தில் செருகுகிறோம். கிரகணத்தை அதில் பார்ப்பது கண்ணுக்கும் கேடு. தேதி வாரியாக அடுக்கி, மடிக்காமல், ஒரு துணிப்பையில் போட்டுப் பீரோவின் மேல் வையுங்கள். இப்போது சி.டி. தட்டிலும் கொடுக்கிறார்கள், அதையும் கேட்டு வாங்குங்கள். பையின் மேல் நோயாளியின் பெயரையும், கதிர் வைத்து முடித்த தேதியையும், மொத்தம் எத்தனை நாள் என்பதையும் எழுதிவிடுங்கள். இனி உங்களுக்குக் கேள்விகள் இருந்தால் கேட்கலாம். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன், மற்றதற்குப் பின்வரிசையில் டாக்டரம்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.